பெருங்குடல் பரிசோதனையில் குடல் இறுக்கம்: ஊசிக்கு மாற்றாகுமா மென்தால் தெளிப்பு?

பெருங்குடலின் உட்சுவரைக் கேமரா மூலம் பார்க்கும் கொலனோஸ்கோபி பரிசோதனையில் மருத்துவர்கள் இரண்டு தடைகளை எதிர்கொள்கின்றனர். முழுமையாகச் சுத்தமாகாத குடல் ஒன்று. பார்த்துக் கொண்டிருக்கும்போதே சுருங்கி மூடிக்கொள்ளும் குடல் மற்றொன்று. முதல் தடைக்கு, முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்து இருக்கிறது. இரண்டாவது தடைக்கு இந்தியா உள்பட பல நாடுகளில் நரம்பு வழியாக ஊசி மருந்து செலுத்தப்படுகிறது.

அந்த ஊசி அனைவருக்கும் ஏற்றதல்ல. இதய நோயாளிகள், ஒரு வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள், புராஸ்டேட் சுரப்பி வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவர்கள் ஆகியோருக்கு அதைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குகின்றனர். கொலனோஸ்கோபி தேவைப்படும் வயதில் அதிகமாகக் காணப்படும் நோய்களும் இவைதான். இதனால், உடல் முழுவதும் பரவாமல் குடல் சுவரில் மட்டும் வேலை செய்யும் மருந்துகள் மீது கவனம் திரும்பியுள்ளது. அவற்றில் அதிகம் ஆராயப்பட்டவை பெப்பர்மின்ட் எண்ணெயும் அதன் முக்கியக் கூறான மென்தாலும் ஆகும்.

குடல் ஏன் இறுகுகிறது?

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். உள்ளே இருப்பதை ஆசனவாய் நோக்கித் தள்ளுவதே அதன் தசைகளின் பணி. கொலனோஸ்கோபியின்போது எதிர்த் திசையில் ஒரு குழாய் நுழைகிறது. சுருங்கியிருக்கும் குடலை விரிப்பதற்காகக் காற்றோ கரியமில வாயுவோ செலுத்தப்படுகிறது. குடல் சுவர் விரிவடைவதையும் உள்ளே ஒரு பொருள் உரசுவதையும் அங்குள்ள நரம்பு வலைப்பின்னல் உணர்ந்து தசைகளைச் சுருங்கச் செய்கிறது. சில இடங்களில் இந்தச் சுருக்கம் அலைபோல வந்து கடந்துவிடும். சில இடங்களில், குறிப்பாக இடுப்புப் பகுதியில் வளைந்து செல்லும் சிக்மாய்டு குடலில், அது விடாத இறுக்கமாகவே நின்றுவிடும்.

இறுகிய குடலுக்குள் கருவியைத் தள்ளினால் நோயாளிக்கு வலிக்கும். மயக்க மருந்து கொடுக்காமலோ மிகக் குறைவாகக் கொடுத்தோ பரிசோதனை செய்யும் இடங்களில் இதன் பாதிப்பு கூடுதலாகத் தெரியும். ஆனால் வலியைக் காட்டிலும் கவலைக்குரியது, இறுக்கம் பார்வையை மறைத்துவிடுவதுதான்.

பெருங்குடலின் உட்புறம் வழவழப்பான நேர்க்குழாய் அல்ல. வரிசையாக மடிப்புகள் கொண்டது. புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ள அடினோமா எனப்படும் சிறு பாலிப்கள் இந்த மடிப்புகளின் பின்புறம் ஒளிந்திருக்கக்கூடும். சில மில்லிமீட்டர் அளவே உள்ள, தட்டையாகப் படர்ந்த பாலிப், குடல் விரிந்திருக்கும்போதே கண்ணுக்குத் தப்பிவிடக்கூடியது. குடல் சுருங்கும்போது மடிப்புகள் தடித்து ஒன்றையொன்று நெருங்குவதால் அதைக் காண்பது மேலும் கடினமாகிறது.

கண்டுபிடிக்கப்படும் பாலிப்பை அதே கருவி வழியாக அப்போதே அகற்றிவிட முடியும் என்பது கொலனோஸ்கோபியின் தனிச்சிறப்பு. அடினோமா புற்றுநோயாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகள் அளவுக்கு ஆகும் எனக் கருதப்படுவதால், ஒரு பாலிப்பை அகற்றுவது வரவிருக்கும் நோயைத் தடுப்பதற்குச் சமம். தவறவிடப்படும் பாலிப்புக்கும் அதே கணக்குப் பொருந்தும். எல்லாம் நலம் என்ற அறிக்கையோடு வீடு திரும்பியவருக்குச் சில ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தெரிய வருவது மருத்துவ இலக்கியத்தில் நன்கு பதிவாகியுள்ளது.

ஒரு மருத்துவர் செய்யும் பரிசோதனைகளில் எத்தனை சதவீதத்தில் குறைந்தது ஓர் அடினோமாவாவது கண்டறியப்படுகிறது என்ற அளவீடு இதனால்தான் முக்கியத்துவம் பெறுகிறது. அமெரிக்காவின் வடக்கு கலிபோர்னியாவில் 3 லட்சத்துக்கும் அதிகமான கொலனோஸ்கோபிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், இந்த அளவீடு ஒரு சதவீதப் புள்ளி உயரும் ஒவ்வொரு முறையும் பிற்காலப் புற்றுநோய் அபாயம் சுமார் 3 சதவீதம் குறைவதாகத் தெரியவந்தது. குடலின் தொடக்கப் பகுதி வரை சென்ற கருவியை வெளியே இழுக்கும்போதுதான் மருத்துவர் சுவரைக் கூர்ந்து பார்க்கிறார். அதற்குக் குறைந்தது 6 நிமிடங்களாவது செலவிட வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அந்த நிமிடங்களில் குடல் அமைதியாக இருக்கிறதா, துடித்துக் கொண்டிருக்கிறதா என்பது சிறிய வேறுபாடு அல்ல.

ஊசியின் பயனும் வரம்பும்

தற்போது பரவலாகப் பயன்படும் ஊசி மருந்து ஹயோசின் பியூட்டைல்புரோமைடு. பஸ்கோபான் என்ற வணிகப் பெயரில் நன்கு அறியப்பட்டது. வழக்கமாக 20 மில்லிகிராம் நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. தசையைச் சுருங்கத் தூண்டும் அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளின் செயலை இது தடுக்கிறது. விளைவு விரைவாகவே தெரியும். குடல் தளர்ந்து விரியும்.

சிக்கல் என்னவெனில், அசிட்டைல்கோலின் குடலுக்கு மட்டும் உரியதல்ல. இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவதும், கண்ணின் பாவையைச் சுருக்குவதும், சிறுநீர்ப்பையை இயக்குவதும், உமிழ்நீரைச் சுரக்க வைப்பதும் அதுவே. ரத்தத்தில் கலந்த மருந்து இவை அனைத்தையும் தொடும். நாக்கு வறள்வதும் சிறிது நேரம் பார்வை மங்குவதும் பெரும்பாலானோருக்குத் தொந்தரவு மட்டுமே. குறுங்கோணக் கண் அழுத்த நோய் கண்டறியப்படாமலோ சிகிச்சை பெறாமலோ உள்ளவருக்குக் கண்ணின் உள் அழுத்தம் திடீரென உயரலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக் கொள்ளலாம். தசைக் களைப்பு நோயான மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர்களுக்கு இந்த ஊசி கொடுக்கப்படுவதில்லை.

இதயத்தைப் பொருத்தவரை எச்சரிக்கை இன்னும் திட்டவட்டமானது. மாரடைப்பு, இதய செயலிழப்பு, ஒழுங்கற்ற துடிப்பு, உயர் ரத்த அழுத்தம் போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்கு ஹயோசின் ஊசியைக் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017 பிப்ரவரியில் அறிவுறுத்தியது. ஊசிக்குப் பிறகு நேர்ந்த உயிரிழப்புகள் குறித்து வந்த தகவல்களே அந்த அறிவுறுத்தலுக்குக் காரணம். இத்தகைய நோயாளிகளைக் கண்காணிக்க வேண்டும் என்றும், உயிர்காக்கும் கருவிகளும் அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் அருகில் இருக்க வேண்டும் என்றும் அது கூறியது. மருந்தைத் தடை செய்யவில்லை. உலகெங்கும் நாள்தோறும் கொடுக்கப்படும் ஊசியில் கடும் விளைவுகள் அரிதானவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாற்றாகப் பயன்படும் குளூககான் ஊசி, ரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோன். அட்ரினல் சுரப்பியில் உருவாகும் ஒரு வகைக் கட்டி உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. நீரிழிவு நோயாளிகளுக்கும் கவனம் தேவை. விலையும் கூடுதல்.

1982-இல் தொடங்கிய முயற்சி

பிரிட்டனைச் சேர்ந்த லெஸ்டர், ஹன்ட் ஆகிய இரு மருத்துவர்கள் 1982-இல் லேன்செட் இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். கொலனோஸ்கோப்பில் திசு மாதிரி எடுக்கும் கருவியைச் செலுத்துவதற்கென ஒரு நுண்குழாய் உண்டு. அதன் வழியே பெப்பர்மின்ட் எண்ணெயைக் குடலுக்குள் செலுத்திப் பார்த்ததில், 20 நோயாளிகளுக்கும் இறுக்கம் அரை நிமிடத்துக்குள் தளர்ந்ததாக அவர்கள் தெரிவித்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய முயற்சி அது. இருப்பினும், மருந்தை ரத்தத்தில் கலக்காமல் இறுகிய இடத்திலேயே ஊற்றலாம் என்ற எண்ணம் அங்கிருந்து கிளைத்தது. பேரியம் எனிமா கொடுத்து எக்ஸ்ரே எடுக்கும் பழைய முறையிலும் பின்னர் இதே எண்ணெய் சோதிக்கப்பட்டது.

அதை முறைப்படுத்தியவர்கள் ஜப்பானியர்கள். எண்ணெயை நீரில் கலந்து கொலனோஸ்கோப் வழியாகத் தெளிக்கும் எளிய முறையை 400-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பயன்படுத்திய ஜப்பானிய மருத்துவர்கள் குழு, 2001-இல் முடிவுகளை வெளியிட்டது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேரிடம் போதிய பலன் கிடைத்ததாகவும், பலன் சுமார் 20 நிமிடங்கள் நீடித்ததாகவும் அக்குழு கூறியது. கருவியை வெளியே இழுத்துக்கொண்டே சுவரைப் பார்த்து முடிக்க அந்த நேரம் தாராளம்.

எண்ணெயை நீரில் கலப்பது என்பது சொல்வதற்கு எளிது. மென்தால் நீரில் அநேகமாகக் கரையாது. எண்ணெய் மேலே மிதக்கும். கலவை சீராக இல்லாவிட்டால் ஒரு துளியில் மருந்து அதிகமாகவும் இன்னொரு துளியில் இல்லாமலும் போகும். செறிவான எண்ணெய் மென்மையான குடல் சவ்வை எரிச்சலூட்டவும் கூடும். எனவே எண்ணெயின் முக்கியக் கூறான எல்-மென்தாலை மட்டும் தனியே எடுத்து, குறிப்பிட்ட அளவில் பால்மமாக்கித் தயாரித்த மருந்து ஜப்பானில் உருவாக்கப்பட்டது. 0.8 சதவீதச் செறிவில் 20 மில்லிலிட்டர், அதாவது 160 மில்லிகிராம் மென்தால் கொண்ட அந்தத் தயாரிப்பு 2011 முதல் அங்கு விற்பனையில் உள்ளது. இரைப்பையை உள்நோக்கும் எண்டோஸ்கோபியில் இரைப்பையின் அசைவை அடக்குவதற்காகவே அதற்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அதே 160 மில்லிகிராம் அளவைப் பெருங்குடலில் தெளித்துச் சோதித்த ஜப்பானிய ஆய்வு 2014-இல் எண்டோஸ்கோபி என்ற மருத்துவ இதழில் வெளியானது. 226 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மென்தால் தெளிக்கப்பட்ட குழுவில் 60.2 சதவீதத்தினரிடம் அடினோமா கண்டறியப்பட்டது. மருந்தில்லாத திரவம் தெளிக்கப்பட்ட குழுவில் அது 42.6 சதவீதமாக இருந்தது.

இந்த வேறுபாடு கவனத்தை ஈர்ப்பது இயல்பே. ஆனால் இருநூற்றுச் சொச்சம் பேரிடம் செய்யப்பட்ட ஒரே ஆய்வை வைத்து, எல்லா நாடுகளிலும் எல்லா மருத்துவர்களின் கைகளிலும் இதே பலன் கிடைக்கும் என்று கூற இயலாது. ஊசி மருந்தின் அனுபவமும் அதைத்தான் உணர்த்துகிறது: ஹயோசின் குடலைத் தளர்த்துவதில் ஐயமில்லை, அதனால் பாலிப் கண்டறியும் விகிதம் உயர்கிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் தரவில்லை. குடல் தளர்வதும் பாலிப் கண்ணில் படுவதும் தொடர்புடையவை, ஆனால் ஒன்றல்ல. பார்ப்பவரின் பொறுமையும் பயிற்சியும் இடையில் இருக்கின்றன.

குளிர்ச்சி வேறு, தளர்ச்சி வேறு

மென்தால் பட்டவுடன் தோலிலும் நாவிலும் தோன்றும் குளிர்ச்சிக்குக் காரணம், குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிஎம்8 என்ற புரதம். இதை 2002-இல் தனித்தனியே அடையாளம் கண்டவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் உண்டு. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதம் குறித்த ஆய்வுகளுக்காக 2021-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குடல் தளர்வதற்கான முதன்மைக் காரணம் வேறு. தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைந்தால்தான் தசை சுருங்கும். கால்சியம் நுழையும் வாயில்களை மென்தால் அடைக்கிறது. உயர் ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள் ரத்தக் குழாய்த் தசையில் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். நரம்பு என்ன கட்டளையிட்டாலும் தசை அதை நிறைவேற்ற முடியாத நிலை சிறிது நேரம் ஏற்படுகிறது. மருந்து சுவரின் உட்புறத்திலிருந்து நேரடியாகத் தசையை அடைவதால், இதயத்தையோ கண்ணையோ தொடும் அளவுக்கு ரத்தத்தில் சேர வேண்டிய தேவை இல்லை. ஒரு பகுதி உறிஞ்சப்படத்தான் செய்கிறது. கல்லீரல் அதை விரைவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது.

தெளிப்பதைத் தவிர வேறு வழியும் சோதிக்கப்பட்டுள்ளது. இரைப்பையில் கரையாமல் குடலில் கரையும் பெப்பர்மின்ட் எண்ணெய் உறைமாத்திரையைப் பரிசோதனைக்கு முன் விழுங்கச் செய்த ஈரானிய ஆய்வு 2012-இல் வெளியானது. கருவி குடலின் தொடக்கப் பகுதியை அடையும் நேரம் குறைந்ததாக அது தெரிவித்தது. மருந்தே இல்லாத வழியும் உண்டு. வெதுவெதுப்பான நீரைச் செலுத்தினாலே இறுக்கம் தளரும் என்று அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் சர்ச் 2002-இல் எழுதினார். காற்றுக்குப் பதிலாக நீரை நிரப்பிக் கருவியைச் செலுத்தும் முறை நோயாளியின் வலியைக் குறைப்பதாகப் பின்னர் பல ஆய்வுகள் உறுதி செய்தன. செலவு குறைந்த இந்த வழி அது பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இதன் பொருள் என்ன?

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் சுமார் 70 ஆயிரம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மேற்கத்திய நாடுகளைவிட இது குறைவு. ஆனால் இங்கு நோய் முற்றிய நிலையில் வருபவர்கள் அதிகம். மத்திய அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பரவலான முன்பரிசோதனை நடைபெறுகிறது. பெருங்குடல் அதில் இடம்பெறவில்லை.

எனவே இந்தியாவில் கொலனோஸ்கோபி பெரும்பாலும் மலத்தில் ரத்தம், ரத்தசோகை, மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம் போன்ற அறிகுறிகள் தோன்றிய பிறகே செய்யப்படுகிறது. குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடியும் பரிசோதிக்கும் ஏற்பாடு உள்ள நாட்டில், ஒரு முறை தவறியது அடுத்த முறை அகப்படலாம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதுவும் வெளியூர் சென்று, செலவு செய்து இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்பவருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. அந்த ஒரு முறை குடல் சுவர் முழுமையாகத் தெரிந்தாக வேண்டும். இதய நோயோ கண் அழுத்த நோயோ அதற்குத் தடையாகக் கூடாது. மென்தால் தெளிப்பு இங்கு முக்கியத்துவம் பெறுவது இந்தக் காரணத்தால்தான்.

மென்தால் உற்பத்தியில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கு. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, சம்பல், ராம்பூர், பதாயூன் மாவட்டங்களில் கோதுமை, உருளைக்கிழங்கு அறுவடைக்கும் நெல் நடவுக்கும் இடைப்பட்ட கோடையில் மெந்தா பயிரிடப்படுகிறது. லக்னௌவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவரங்கள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கோசி போன்ற ரகங்கள் இந்தக் குறுகிய இடைவெளிக்குப் பொருத்தமானவை. அறுத்த தழையை நீராவியில் வடித்து எண்ணெய் எடுப்பதும், அதைக் குளிரவைத்து மென்தால் படிகங்களைப் பிரிப்பதும் அப்பகுதியின் முக்கியத் தொழில்.

பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. ஆரம்பகால ஆய்வுகளில் பயன்பட்ட பெப்பர்மின்ட் எண்ணெய் மெந்தா பைபெரிட்டா என்ற செடியிலிருந்து வருவது. இந்தியாவில் பெருமளவு விளைவது மெந்தா ஆர்வென்சிஸ். இதன் எண்ணெயில் மென்தால் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருக்கும்; பெப்பர்மின்ட் எண்ணெயில் அது பொதுவாகப் பாதிக்கும் குறைவு. சமையலறைப் புதினா இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அதில் மென்தால் மிகச் சொற்பம். ஆகவே பரிசோதனைக்கு முன் புதினாச் சாறு குடித்தால் குடல் தளரும் என்று எண்ணுவதற்கு அடிப்படை இல்லை. கடையில் விற்கும் செறிவான எண்ணெயைத் தாமாகவே குடிப்பதும் எனிமாவாகச் செலுத்துவதும் ஆபத்து. குடலுக்குள் தெளிக்கப்படும் திரவம் மருந்துத் தரத்தில், அளந்த செறிவில், தூய்மையான சூழலில் தயாரிக்கப்பட வேண்டியது. வயலில் மூலப்பொருள் மிகுதியாகக் கிடைப்பது அந்தத் தேவையை நீக்கிவிடாது.

தெளிப்பு மருந்துக்கும் வரம்புகள் உண்டு. மென்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உகந்ததல்ல. மருந்து பட்ட இடம் மட்டுமே தளரும் என்பதால் நீண்ட குடலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெளிக்க நேரிடலாம். வாய் வழியாக எடுக்கும் பெப்பர்மின்ட் மாத்திரை சிலருக்கு நெஞ்செரிச்சலைத் தரும். தவிர, குடல் இறுக்கம் இல்லாத நோயாளிக்கு எந்த மருந்துமே தேவையில்லை. ஊசியையும் தெளிப்பையும் நேருக்கு நேர் ஒப்பிடும் பெரிய ஆய்வுகள், குறிப்பாக இதய நோயாளிகளிடம், இன்னும் தேவைப்படுகின்றன.

கொலனோஸ்கோபிக்குச் செல்பவர்கள் இதய நோய், கண் அழுத்த நோய், சிறுநீர் கழிப்பதில் சிரமம், நீரிழிவு, ஒவ்வாமை ஆகியவற்றையும் உட்கொள்ளும் மாத்திரைகளையும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். குடல் இறுகினால் எந்த மருந்து கொடுக்கப்படும், மாற்று உண்டா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஹயோசின் ஊசி போடப்பட்டவர்கள் பார்வை தெளியும் வரை வாகனம் ஓட்டக் கூடாது. வீடு திரும்பிய பின் கண் சிவந்து வலியெடுத்தாலோ, பார்வை மங்கினாலோ, சிறுநீர் வெளியேறாவிட்டாலோ உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.